உயர்கிறது அசோக் நகர்... தாங்குமா தெரு?

மூன்று மாடியோடு நின்றிருந்த பேட்டையில் கண்ணாடிக் கோபுரங்கள் முளைக்கின்றன. ஒவ்வொரு கட்டடத்துக்கும் அனுமதி இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துச் சுமக்கப்போகும் தெருவுக்கு யார் அனுமதி கொடுத்தது?

காலை ஒன்பது மணிக்கு அசோக் நகர் மெட்ரோ நடைமேடையில் நின்று பார்த்தால் ஊர் முழுக்க மொட்டை மாடிகளாகத் தெரியும். கிழக்கே மேற்கு மாம்பலம், மேற்கே கே.கே. நகர். கறுப்பு சின்டெக்ஸ் தொட்டிகள், கொடியில் காயும் பள்ளிச் சீருடைகள், துருப்பிடித்த டிஷ் ஆன்டெனாக்கள், நடுநடுவே தலை நீட்டும் தென்னைகள். தெற்கே ஈக்காட்டுத்தாங்கல், கிண்டி பக்கம் திரும்பினால் காட்சி மாறிவிடுகிறது. கண்ணாடி போர்த்திய அலுவலகக் கட்டடங்கள் வெயிலை வாங்கி அப்படியே திருப்பி அடிக்கின்றன. இரண்டுக்கும் நடுவே, வீட்டுக் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு டவர் கிரேன் மெதுவாகத் திரும்புகிறது.

கீழே 100 அடி சாலையில் ரெடிமிக்ஸ் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கிறது. பின்னால் நிற்கும் வாட்ச்மேன் விசில் ஊத, இரண்டு மாநகரப் பேருந்துகள், ஒரு தண்ணீர் லாரி, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளைஞர்களின் ஸ்கூட்டர்கள் எல்லாம் காத்து நிற்கின்றன. பச்சை வலை போர்த்திய பள்ளத்திலிருந்து நீல நிறக் குழாய் ஒன்று நடைபாதையைத் தாண்டி மழைநீர் வடிகாலுக்குள் இறங்குகிறது. அடித்தளம் தோண்டும் இடத்தில் ஊறும் நிலத்தடி நீரை அது இரவும் பகலும் வெளியேற்றிக்கொண்டிருக்கிறது.

அசோக் நகரில் இன்று இரண்டு பேர் சந்தித்தால் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, "உங்க பில்டிங் ஜே.வி. போயாச்சா?" என்பதுதான். ஜே.வி. என்றால், பழைய கட்டடத்தை இடித்துவிட்டு பில்டரோடு சேர்ந்து புதிதாகக் கட்டும் கூட்டு ஒப்பந்தம்.

எல்.ஐ.சி. போட்ட பிள்ளையார் சுழி

சென்னைக்கு உயரத்தின் மீது ஆசை வந்தது அண்ணா சாலையில். யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கியதுதான் இன்றைய எல்.ஐ.சி. கட்டடம். 1954-ல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்தார். 1956-ல் ஆயுள் காப்பீடு தேசியமயமானது. பாதியில் நின்ற கட்டடமும் எல்.ஐ.சி. கைக்கு வந்தது. பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்கள் தொடங்கிய வேலையை எல்.எம். சித்தாலே முடித்துக் கொடுத்தார். 1959 ஆகஸ்டில் அன்றைய மத்திய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தபோது, இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான். 14 மாடி, 177 அடி. கிராமத்திலிருந்து வந்த கதாநாயகன் சென்னையில் கால் வைத்துவிட்டான் என்று சொல்ல, தமிழ் சினிமாவுக்கு அந்த ஒரு ஷாட் போதுமானதாக இருந்தது.

அசோக் நகர் அந்த ஆசைக்கு நேர் எதிராகப் பிறந்தது. 1961-ல் உருவான வீட்டுவசதி வாரியம் 1960-களில் இந்தப் பகுதியை வளர்த்தெடுத்தது. அவென்யூ என்று எண் போட்ட நேர்கோட்டுத் தெருக்கள், வாசலில் வேம்பு, நடுத்தரக் குடும்பத்துக்கு அளந்து வைத்த மனை, தரைத்தளத்தோடு இரண்டு மூன்று மாடி. நாலு சிங்கத்தோடு நிற்கும் அசோக் பில்லர்தான் ஊருக்கு அடையாளம். ஆட்டோக்காரருக்கு அதற்கு மேல் வழி சொல்லத் தேவை இருந்ததில்லை.

எல்.ஐ.சி. தனி ஆளாக, அகலமான சாலையில் நின்றது. அந்தச் சுமையை நகரம் உணரவே இல்லை. இன்றைய கோபுரங்கள் வரிசையாக, தெருவுக்குள் வருகின்றன. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

தியேட்டர் போனது, ஸ்டூடியோ போனது

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1958-ல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகள் ஓய, அந்த மனைகளில் அலுவலகங்கள் எழுந்தன. ஒலிம்பியா டெக்னாலஜி பார்க் வந்த பிறகு, ஐ.டி. என்றால் பழைய மகாபலிபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.) மட்டும்தான் என்ற எண்ணம் போனது. வடபழனியில் விஜயா வாஹினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் 2013-ல் மால் திறந்தது. 2015 ஜூன் 29-ல் கோயம்பேடு - ஆலந்தூர் மெட்ரோ ஓடத் தொடங்கியது. அசோக் நகருக்கு நிலையம் கிடைத்த நாளிலிருந்து மனை விலை பேசுகிறவர்களின் குரலே மாறிவிட்டது.

கடைசி அடி, 1983-ல் திறந்த உதயம் தியேட்டர் வளாகம். உதயம், சூரியன், சந்திரன், பின்னால் சேர்ந்த மினி உதயம். வடபழனி, சாலிகிராமத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த உதவி இயக்குநர்களுக்கு முதல் நாள் முதல் காட்சி என்றால் அது இங்கேதான். தியேட்டர் மூடப்படப்போகிறது, அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்ற செய்தி 2024-ல் வந்தபோது பேட்டையே புலம்பித் தீர்த்தது. ஆனால் கணக்கு எளிது. ஆள் வராத பகல் காட்சியை ஓட்டுவதைவிட, அந்த மனை வானத்தை நோக்கி வளர்ந்தால் வரும் பணம் பல மடங்கு.

நகரின் நடுவிலும் இதே திசைதான். நந்தனத்தில் மெட்ரோ நிறுவனத்தின் தலைமையகம் 2022-ல் திறந்தது. சென்ட்ரல் மெட்ரோ வளாகத்தில் 27 மாடிக் கட்டடம் ஒன்று திட்டத்தில் இருக்கிறது.

கிரவுண்ட் கணக்கு

இந்த வேகத்தின் ரகசியம் எஃப்.எஸ்.ஐ. என்ற மூன்றெழுத்தில் இருக்கிறது. மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதுதான் அது. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், சாதாரணக் கட்டடத்துக்கு 2 மடங்கும் உயர்மாடிக் கட்டடத்துக்கு 3.25 மடங்கும் கொடுத்தன. சாலை 18 மீட்டருக்கு மேல் அகலமாக இருந்தால், அரசுக்குக் கட்டணம் கட்டி மேலும் 50 சதவீதம் வாங்கிக்கொள்ளலாம். இதுதான் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.

பத்து கிரவுண்ட் மனையை எடுத்துக்கொள்வோம். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, மொத்தம் 24,000. மூன்று நான்கு மாடியோடு நிறுத்தினால் 48,000 சதுர அடி கட்டலாம். உயர்மாடியாகப் போனால் 78,000. பிரீமியமும் வாங்கினால் 1,17,000. அதே மண், அதே வாசல், அதே தெரு. கட்டடம் மட்டும் இரண்டரை மடங்கு.

■ பெட்டிச் செய்தி: எது உயர்மாடிக் கட்டடம்?

• 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் உயர்மாடிக் கட்டடம். ஏறக்குறைய 60 அடி.

• 30 மீட்டர் உயரம் வரை சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் இடம் விட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு 6 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக 1 மீட்டர்.

• சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) அனுமதியோடு தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல், விமான நிலைய ஆணையம் ஆகியவற்றின் தடையில்லாச் சான்றும் வேண்டும். மீனம்பாக்கம் விமான நிலையம் அருகில் என்பதால், அசோக் நகர் கட்டடங்கள் எவ்வளவு உயரலாம் என்பதில் விமானப் பாதைக்கும் பங்கு உண்டு.

• மொத்தக் கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம்.

இருபதாயிரம் என்ற ஓட்டை

பெட்டியின் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். 20,000 சதுர மீட்டர் என்றால் சுமார் 2.15 லட்சம் சதுர அடி. நம்முடைய பத்து கிரவுண்ட் கோபுரம் அதற்குப் பாதிதான். பார்க்கிங் தளங்களைச் சேர்த்தாலும் பெரும்பாலும் அந்தக் கோட்டைத் தொடாது. அதனால் தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும், எத்தனை வண்டி கூடும் என்று சுற்றுச்சூழல் ஆணையத்தின் முன் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

ஒன்றுக்குச் சரி. ஒரே அவென்யூவில் இப்படிப் பத்து வந்தால்? மொத்தம் சுமார் 12 லட்சம் சதுர அடி. ஓ.எம்.ஆரில் ஒரே காம்பவுண்டுக்குள் ஒரே நிறுவனம் இதைக் கட்டினால், கட்டு கட்டாக அறிக்கை கேட்பார்கள். பத்துப் பேர் பத்து மனையில் கட்டினால் கேட்பதில்லை. சட்டம் மனையைப் பார்க்கிறது. விளைவோ தெருவில் விழுகிறது. அசோக் நகரின் பிரச்சினை முழுவதும் இந்த இடைவெளிக்குள் இருக்கிறது. உயரம் அதன் வெளித்தோற்றம் மட்டும்தான்.

தண்ணீர் எத்தனை லோடு?

அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 45 லிட்டர் என்பது தேசியக் கட்டட விதித் தொகுப்பின் கணக்கு. 1,17,000 சதுர அடியில் ஆளுக்கு 100 சதுர அடி என்று வைத்தால் 1,170 பேர். ஒரு நாளைக்கு 52,000 லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரியில் ஏறக்குறைய நாலரை லோடு. பத்துக் கட்டடம் என்றால் சுமார் 44 லோடு. இத்தனை லாரியும் வந்து நின்று, குழாய் மாட்டி, காலி செய்து, ரிவர்ஸ் எடுக்க வேண்டியது அதே அவென்யூவில்தான்.

2019 கோடையை மறந்திருக்க மாட்டோம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சில ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களிடம் சொல்லும் நிலை வந்தது. கொரோனாவுக்கு முந்தைய வருடம் அது, காரணம் தண்ணீர்.

உள்ளே வரும் தண்ணீரில் பெரும்பகுதி கழிவாக வெளியே போகும். இங்கே தெருவுக்கு அடியில் ஓடும் குழாய்கள் மூன்று மாடி வீடுகளை நினைத்துப் போட்டவை. நெசப்பாக்கத்தில் சுத்திகரிப்பு நிலையத்தின் திறனைக் கூட்டினாலும், அதுவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் தெருக் குழாய் பழையதாக இருந்தால் மழைக்காலத்தில் மேன்ஹோல் மூடி தானாகத் திறந்துகொள்ளும். அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

மழை இன்னொரு கதை. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது ஜாபர்கான்பேட்டையும் அசோக் நகரின் தாழ்வான தெருக்களும் மூழ்கின. 2021 நவம்பரிலும் முழங்கால் அளவு தண்ணீர். அந்த இரண்டு மழையிலும் முதலில் நிரம்பியவை அடித்தள பார்க்கிங்குகள். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-லேயே கட்டாயமாக்கியது. ஆனால் எல்லை முதல் எல்லை வரை அடித்தளம் தோண்டிய மனையில் மழை இறங்க மண் எங்கே இருக்கிறது?

ஏணி எட்டுமா என்பதல்ல கேள்வி

2017 மே 31 விடியற்காலையில் தி.நகர் உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் கட்டடம் பற்றி எரிந்தது. மறுநாளும் புகை அடங்கவில்லை. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து விழ, மீதியை இடித்துத்தான் தள்ள வேண்டியிருந்தது. எல்.ஐ.சி.யும் 1975-ல் தீப்பிடித்து எரிந்ததுதான். இதற்கெல்லாம் பிறகு நம்மிடம் உயரமான ஸ்கை லிஃப்ட் வண்டிகள் வந்துவிட்டன.

ஆனால் அந்த வண்டி நிற்க இடம் வேண்டும். நாலு பக்கமும் கால் விரித்து, தரையில் ஊன்றித்தான் ஏணியை உயர்த்த முடியும். அதற்காகத்தான் 7 மீட்டர் காலியிடம். மாலை ஆறு மணிக்கு எந்தக் கட்டடத்தையாவது சுற்றிப் பாருங்கள். காலியிடத்தில் ஜெனரேட்டர், விருந்தினர் கார்கள், குப்பைத் தொட்டி, சில இடங்களில் தகரக் கொட்டகை போட்ட கேன்டீன். காம்பவுண்டுக்கு உள்ளே இப்படி என்றால், வெளியே இருபுறமும் கார் நிறுத்திய தெருவில் தீயணைப்பு வண்டி திரும்புவதே பெரும்பாடு. ஏணியின் நீளத்தைவிடத் தெருவின் காலியிடம்தான் உயிரைக் காப்பாற்றும்.

கட்டடத்தின் உறுதியையும் சொல்லியாக வேண்டும். 2014 ஜூன் 28-ல் மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அசோக் நகரிலிருந்து போரூர் வழியாகச் சில கிலோமீட்டர் தூரம்தான். கையெழுத்துப் போட்ட காகிதம் கட்டடத்தைத் தாங்காது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

பக்கத்து வீட்டு வெயில்

நியூயார்க்கில் 1915-ல் ஈக்விடபிள் கட்டடம் 38 மாடியோடு நேர்ச்சுவராக எழுந்து, சுற்றுப்புறத்தை நிழலில் தள்ளியது. அடுத்த ஆண்டே அந்த நகரம் சட்டம் போட்டது: மேலே போகப்போகக் கட்டடம் உள்ளே ஒடுங்க வேண்டும், தெருவுக்கு வெளிச்சம் இறங்க வேண்டும். நூறு வருடத்துக்கு முன்பே ஒரு நகரம், பக்கத்து வீட்டுக்காரனுக்கு வெயிலில் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டது.

சென்னையில் நிழல் நல்லதுதானே என்று தோன்றும். நிழலோடு வேறு சிலவும் சேர்ந்து வருகின்றன. சாயங்காலம் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றை மறிக்கும் சுவர், மேற்கு வெயிலை எதிர்வீட்டு ஜன்னலுக்குள் அனுப்பும் கண்ணாடி, நூற்றுக்கணக்கான ஏ.சி. யூனிட்டுகள் வெளியே தள்ளும் அனல். மூன்று மாடி வீட்டின் மொட்டை மாடியில் வடாம் காயவைத்தவர்கள் இப்போது அந்த மாடியை ஏறிப் பார்ப்பதில்லை. மேலே இருந்து நூறு ஜன்னல்கள் பார்க்கின்றன.

லாபம் யாருக்கு? இடம்பெயர்வது யார்?

எல்லாமே நஷ்டம் என்று எழுதினால் அது நேர்மை ஆகாது. 1970-களில் கட்டிய வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளில் கூரைக் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் முட்டி வலியோடு முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மறுகட்டுமானம் ஒரு வரம். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்ட வழி செய்தது. ஒரே ஒருவர் முறுக்கிக்கொண்டு எல்லாரையும் நிறுத்தி வைத்த காலம் போய்விட்டது.

பணமும் சின்னதல்ல. பத்து கிரவுண்டில் 24 வீடு என்றால் ஒரு வீட்டுக்கு யு.டி.எஸ்., அதாவது மனையில் பிரிக்கப்படாத பங்கு, 1,000 சதுர அடி. பிரீமியத்தோடு அதன் மேல் 4,875 சதுர அடி கட்டலாம். பில்டரோடு பாதிக்குப் பாதி பேசினாலும், 700 சதுர அடி வீட்டில் இருந்தவருக்குக் கிடைப்பது மூன்று மடங்குக்கு மேல். அலுவலகங்கள் வந்தால் டீக்கடைக்கும் மெஸ்ஸுக்கும் லேடீஸ் ஹாஸ்டலுக்கும் வியாபாரம். வேலைக்கு நடந்து போகலாம். மெட்ரோ வாசலில் இருக்கிறது. நகரம் பரந்து விரிந்து ஏரிகளை விழுங்குவதைவிட, மெட்ரோ ஓரமாக உயர்வது நல்லது என்பதில் நகரத் திட்ட வல்லுநர்களுக்குக் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை.

ஆனால் சொந்தப் பத்திரம் இல்லாதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. வாடகைக்கு இருந்த குடும்பத்துக்கு ஒரு மாத நோட்டீஸ். அதே பகுதியில் அதே வாடகைக்கு வீடு கிடைக்காமல் அய்யப்பன்தாங்கல், மாங்காடு என்று தள்ளிப் போகிறார்கள். படிக்கட்டுக்குக் கீழே இஸ்திரி வண்டி வைத்திருந்தவருக்குப் புதுக் கட்டடத்தின் வரைபடத்தில் இடம் கிடையாது. நாலு பேர் சேர்ந்து அறை எடுத்து வாய்ப்புத் தேடும் சினிமா இளைஞர்களுக்கும் இந்தப் பேட்டை மெல்ல எட்டாக்கனி ஆகிறது.

■ பெட்டிச் செய்தி: ஜே.வி.யில் கையெழுத்துப் போடும் முன்

• விற்பனைப் பத்திரத்தில் உங்கள் யு.டி.எஸ். எவ்வளவு என்று பாருங்கள். எல்லா வீடுகளின் யு.டி.எஸ். கூட்டுத்தொகை மனையின் பரப்போடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

• மனை 500 சதுர மீட்டருக்கு மேல், வீடுகளும் எட்டுக்கு மேல் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு அவசியம்.

• கட்டி முடியும் வரை வாடகை, தாமதமானால் இழப்பீடு, பில்டர் பாதியில் விட்டால் வங்கி உத்தரவாதம். மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

• பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கினால் கூடும் பரப்பில் உங்கள் பங்கு என்ன என்பதை முதலிலேயே பேசி முடியுங்கள்.

• பணி நிறைவுச் சான்று வாங்கித் தருவது யார் பொறுப்பு என்று எழுத்தில் இருக்கட்டும்.

வசூலித்த பணம் எந்தத் தெருவுக்கு?

உயர்மாடி கட்டுகிறவர்கள் சும்மா கட்டுவதில்லை. பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. கட்டணம் வழிகாட்டி மதிப்பின் அடிப்படையில் போகிறது. அதற்கு மேல், உள்கட்டமைப்பு மற்றும் வசதிக் கட்டணம் என்று ஒன்று. 1971-ன் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, கூடுதல் கட்டடங்களால் வரும் சுமையைத் தாங்கக் குடிநீர், கழிவுநீர், சாலை ஆகியவற்றை மேம்படுத்துவதற்காகவே இதை விதித்தார்கள். கட்டணத்தின் பெயரிலேயே வாக்குறுதி இருக்கிறது. ஆனால் பணம் சேர்வது மாநில அளவிலான நிதியில். அசோக் நகர் அவென்யூ ஒன்றில் எழும் கோபுரம் கட்டிய பணத்தில் அந்த அவென்யூவின் கழிவுநீர்க் குழாய் மாறியதா என்று ஒரு குடிமகன் தெரிந்துகொள்ள இன்று எளிய வழி இல்லை.

செய்ய வேண்டியது கடினமும் இல்லை. வார்டுவாரியாக இந்தக் கட்டணம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று ஆண்டுதோறும் வெளியிடலாம். ஒரே தெருவில் வரும் கட்டடங்களின் பரப்பைக் கூட்டிப் பார்த்து, மொத்தம் 20,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அந்தத் தெருவுக்கே தண்ணீர், வடிகால், போக்குவரத்து ஆய்வு என்று விதி கொண்டுவரலாம். குழாய் பெரிதான பிறகுதான் அடுத்த அனுமதி என்று வரிசை வைக்கலாம்.

நேரமும் சரியாக இருக்கிறது. 2008-ல் அறிவித்த சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026-ஓடு முடிகிறது. அடுத்த திட்டம் 2027 முதல் 2046 வரை இந்த நகரத்தின் உயரத்தையும் அகலத்தையும் தீர்மானிக்கும். இருபது வருட முடிவு. அது எடுக்கப்படும்போது பேசாமல் இருந்துவிட்டு, கிரேன் வந்த பிறகு புலம்பிப் பயனில்லை.

உங்கள் வார்டில் ஏரியா சபைக் கூட்டம் நடக்கும்போது போங்கள். கொசு, குப்பை, தெருவிளக்கு எல்லாம் பேசிய பிறகு இந்த ஒரு கேள்வியையும் கேளுங்கள்: எங்கள் தெருவில் இதுவரை அனுமதி கொடுத்த மொத்தச் சதுர அடி எவ்வளவு, அதற்கு வாங்கிய கட்டணத்தில் எங்கள் தெருவுக்குச் செலவிட்டது எவ்வளவு? பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது; விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்தான்.